கீழே விட்ட எட்டு அங்குலம்

மதுரை மாவட்டத்தில் ஊர்ப்பெருமைப் பலகைகளுக்கும் சுவர்களுக்கும் வாசகம் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் கையெழுத்தை மட்டும் அறிவேன். நீங்கள் தாளில் எழுதித் தருவதைத் தகரத்திலும் சுவரிலும் எழுதுகிறவன் நான். சொந்த ஊர் சோழவந்தான். பிளெக்ஸ் வந்து கடைப் பலகைகளையெல்லாம் கொண்டுபோன பிறகு எனாமலுக்கும் பிரஷ்ஷுக்கும் மிச்சமிருப்பது பள்ளிக்கூடச் சுவர், பாலத்துத் தூண், ஊர் எல்லைப் பலகை ஆகியவைதான். அவற்றில் பாதிக்கு மேல் இப்போது ஊர்ப்பெருமை. மதுரைக்கு ஏன் அந்தப் பெயர், வைகைக்கு ஏன் இந்தப் பெயர், தூங்கா நகரம் என்று யார் சொன்னது, இப்படி. வேலை தருகிறீர்கள், நன்றி. ஆனால் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வாசகம் எழுதியவர் பெயர் பலகையில் வராது. ஏணியில் நிற்கிறவனைத்தான் வழியில் போகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா போகிறவர்களும் இல்லை, இது மதுரை.

ஒரு பங்குனி மாதம், திருவிழாவுக்கு முன்னால் முடித்துத் தர வேண்டிய வேலை. பகலில் போக்குவரத்து விடாது என்பதால் இரவில் எழுதிக்கொண்டிருந்தேன். பாலத்துத் தூணில் நூலடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, ‘சங்க காலத்திலேயே தூங்கா நகரம் என்று மதுரைக்காஞ்சி போற்றிய மாநகர்’ என்று வெள்ளையில் நிரப்பிக்கொண்டே வந்தேன். மணி ஒன்றரை இருக்கும். ஊருக்குப் போகும் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர், துண்டைத் தலையில் கட்டியபடி கீழே வந்து நின்றார். முழுதும் வாசித்தார். பிறகு, “தம்பி, மாங்குடி மருதனார் அதை எந்த அடியில் சொன்னார்?” என்றார். எழுதிக் கொடுத்ததை எழுதுகிறேன் ஐயா என்றேன். “அது சரி. ஆனால் அவர் தூங்குகிற மதுரையை அல்லவா பாடியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அவர் போன பிறகு ‘போற்றிய’ என்ற சொல்லில் இரட்டைக் கொம்பைத் தவறான இடத்தில் போட்டு, துடைத்து, மறுபடி எழுதினேன். கை நடுங்கியது என்று சொல்ல மாட்டேன், எரிச்சல்.

அந்த எரிச்சலோடுதான் நூலகத்துக்குப் போனேன். மதுரைக்காஞ்சி 782 அடிப் பாட்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்காக மாங்குடி மருதனார் பாடியது. அதில் நாளங்காடி உண்டு, அல்லங்காடி உண்டு. பகல் கடைத்தெரு, இரவுக் கடைத்தெரு இரண்டையும் பாடுகிறார். அதுவரைக்கும் உங்கள் வாசகத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை, இரவோடு இரவாக நடந்துகொண்டே இருக்கிறது. நேரம் ஏறுகிறது. கடையை அடைத்துவிட்டுப் பெண்கள் படுக்கப் போகிறார்கள். அடையும் மோதகமும் விற்ற பலகாரக்காரர்கள் கடையிலேயே சாய்ந்துவிடுகிறார்கள்: ‘தீஞ்சேற்றுக் கூவியர் தூங்குவனர் உறங்க’. விழாவில் ஆடியவர்களும் அடங்குகிறார்கள். பிறகு ஊர் முழுவதையும், ஒலி அவிந்த குளிர்ந்த கடல் போல என்று ஒரே உவமையில் படுக்கவைத்துவிடுகிறார்.

அந்தப் பலகாரக்காரர் அடியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். ‘தூங்குவனர் உறங்க’. நமக்குத் தூங்குவதும் உறங்குவதும் ஒன்றுதான். அவருக்கு இரண்டும் வேறு. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். தூங்கெயில் என்றால் அந்தரத்தில் தொங்கும் கோட்டை. காலம் தாழ்த்துவதற்கும் அதே சொல்தான். ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்கிற குறள் யாரையும் படுக்கச் சொல்லவில்லை. பலகாரக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஆடி ஆடி விழுந்து உறங்கினார்கள் என்பதுதான் அந்த அடியின் படம். ராத்திரிக் கடையில் வேலை பார்த்த எவருக்கும் அது தெரியும். கல்லாவில் தலை சாயச் சாய நிமிர்த்திக்கொள்வது. ஆக, மாங்குடி மருதனாரிடம் போய்த் ‘தூங்கா நகரம்’ என்று சொன்னால், எதிலும் தொங்காத ஊர் என்றோ காரியத்தில் தாமதிக்காத ஊர் என்றோதான் எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டால் இன்றைய மதுரைக்காரர்களே சிரிப்பார்கள்.

அந்த நள்ளிரவில் விழித்திருப்பவர்கள் யார் என்பதையும் சொல்கிறார். திரிகிற பேய்கள், கன்னம் வைக்கத் தருணம் பார்க்கும் கள்வர், அவர்களைப் பிடிக்க நிற்கும் ஊர்க்காவலர். அந்தக் காவலருக்குத்தான் ‘துஞ்சாக் கண்ணர்’ என்ற பட்டம். தூங்காத மதுரைக்குச் சங்க இலக்கியத்தில் சான்று வேண்டுமென்றால் அவர்களைத்தான் காட்ட முடியும். ஊருக்கு அந்தப் பெயர் இல்லை, ஊரைக் காத்தவர்களுக்கு உண்டு. எழுத இதைவிட நல்ல வாசகம் கிடைக்குமா? எனக்கு யாரும் தந்ததில்லை.

தூங்கா நகரம் என்ற பெயர் பொய் என்று நான் சொல்லவில்லை. ஹார்வி மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு நள்ளிரவில் இட்லி வேண்டியிருந்தது என்பார்கள்; காய்கறி லாரியும் பூமூட்டையும் விடியும் முன் வந்து இறங்கின என்பார்கள்; சித்திரைத் திருவிழாவில் ஊரே தெருவில் கிடக்கும் என்பார்கள். எல்லாம் நடந்ததுதான், நடப்பதுதான். பெயருக்கு இந்தப் பெருமை போதாதா? மில் தொழிலாளியையும் ஆவி பறக்கும் இட்லிச் சட்டியையும் விட்டுவிட்டு எதற்காக நெடுஞ்செழியனைக் கூப்பிட வேண்டும்? நான் எழுதியதில் என்னைக் குத்துவது பிழையைவிட இதுதான்.

இப்போது ஊர்ப்பெயருக்கு வருகிறேன். ‘இறைவன் சடையிலிருந்து மதுரம் சிந்தியதால் மதுரை’ என்று எத்தனை சுவரில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. திருவிளையாடற் புராணம் சொல்வது அது. அழகான கதை, எழுதும்போது எனக்கும் பிடிக்கும். மருத மரம் நிறைந்ததால் மருதை, அது திரிந்து மதுரை என்று வேறு சிலர் எழுதித் தந்திருக்கிறார்கள்; கிராமத்தில் இன்றும் மருதை என்றுதானே சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். சரிதான், என் அப்பத்தா மருதைக்குத்தான் போவாள். ஆனால் அவள் குதிரையையும் குருதை என்றுதான் சொல்வாள். குதிரை குருதை ஆனதற்கு எந்த மரத்தையும் யாரும் தேடவில்லை. நாக்கு புரட்டிப் போட்டதையே மூலம் என்று எடுத்துக்கொண்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டு கூட்டமும் பார்க்காத சான்று கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகைத்தளத்தில் இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அங்கே உப்பு வணிகன் உண்டு, துணி விற்கும் அறுவை வணிகன் உண்டு, கூடவே பொற்கொல்லன் ஆதன் ஆதன் என்று ஒருவன். அவன் ஊர் ‘மதிரை’. மதுரையும் இல்லை, மருதையும் இல்லை, மதிரை. கல்வெட்டில் வந்த பிழை என்று தள்ள முடியாது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, 10ஆம் நூற்றாண்டில், பாண்டியரை வென்ற முதலாம் பராந்தக சோழனும் ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றே தன் கல்வெட்டுகளில் வெட்டிக்கொள்கிறான். மதிரைக்கு மதுரமும் பொருந்தாது, மருதமும் பொருந்தாது. எது பொருந்தும் என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது, ஆதன் ஆதனுக்கு ஒரு வரி. உள்ளூர்க்காரன், கைத்தொழில்காரன், தன் ஊர்ப்பெயரைப் பாறையில் விட்டுப்போனவன். என் தொழிலுக்கு முப்பாட்டன் மாதிரி.

வைகையும் அப்படித்தான். குண்டோதரனுக்குத் தாகம், இறைவன் ‘வை கை’ என்றார், கை வைத்த இடத்தில் ஆறு பெருகியது, ஆகவே வைகை. குழந்தைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் பரிபாடலிலும் சிலப்பதிகாரத்திலும் அந்த ஆறு வையை. வையையில் கையே இல்லை. பெயர் வைகையாக நிலைத்த பிறகு கிளைத்த விளக்கம் அது என்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

யானைமலைக்கு எழுதச் சொன்ன வாசகம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிய மாய யானை கல்லானதால் யானைமலை என்று அதில் இருந்தது. ஒத்தக்கடை வழியாக மேலூர் பஸ்ஸில் போகிற எவரும் ஜன்னலில் பார்த்தால் போதும், துதிக்கையை நீட்டிப் படுத்த யானைதான். பெயருக்கு வேறு காரணம் தேட வேண்டாம். அதே மலையின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவர்கள் இருந்த மலைக்கு, அவர்களைத் துரத்தியவர்கள் சொன்ன கதையை மட்டும் மாட்டுவது நியாயமாகப் படவில்லை. நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே கதை, பாம்பும் பசுவுமாக.

நான் இனிமேல் எழுதவே மாட்டேன் என்று முடிவு செய்த வாசகம் ஒன்றுதான். ‘மெகஸ்தனிஸ் கிழக்கின் ஏதென்ஸ் என்று புகழ்ந்த மதுரை’. மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. மெகஸ்தனிஸ் சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திர அரசவைக்கு வந்த தூதர். அவருடைய நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட துணுக்குகள்தான் உண்டு. அவற்றில் ஏதென்ஸ் கிடையாது. இருப்பது வேறு: தெற்கே பாண்டேயா என்றொரு அரசி ஆண்டாள், அவளுக்கு 365 ஊர்கள், நாளுக்கு ஓர் ஊராகத் திறை கொண்டுவந்து செலுத்தியது. மீனாட்சி அரசாளும் ஊரில், பெண்ணரசி ஒருத்தியைப் பற்றிய இந்தக் கிரேக்கக் கதையை விட்டுவிட்டு, அவர் சொல்லாத ஏதென்ஸை எடுத்துவந்து வைத்தது யார்? வெளியூர் ஊரொன்றின் பெயரைச் சூட்டினால்தான் நமக்குப் பெருமை என்று நினைப்பதே என்னைப் பொறுத்தவரை ஒரு தாழ்வுதான்.

அரசி என்றதும் நினைவு வருகிறது. ‘உங்கள் வீட்டில் மதுரையா சிதம்பரமா?’ என்று கேட்பது நம் பக்கத்து வழக்கு. மனைவி சொல் நடந்தால் மதுரை, கணவன் சொல் நடந்தால் சிதம்பரம். ஒரு மண்டபச் சுவரில் இதற்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். மதுரையில் என்றைக்கும் அம்மன் ஆட்சி என்று இருந்தது. கோயில் கணக்குப்படி பார்த்தால் அப்படி இல்லை. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். அம்மன் ஆட்சி நாலு மாதம், சுவாமி ஆட்சி எட்டு மாதம். இதை என் மனைவியிடம் சொன்னேன். “அந்த எட்டு மாதமும் யாரைக் கேட்டுக்கொண்டு ஆண்டாராம்?” என்றாள். அவள் சொன்னதையே சுவரில் எழுதியிருக்கலாம்.

‘மதுரைக்கு வழி வாயிலே’ என்ற பழமொழிக்கு, வாயில் என்றால் கோட்டை வாசல் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். கீழவாசல், தெற்குவாசல் என்று பெயர்கள் இருப்பதால் கேட்க நன்றாக இருந்தது. வாயைத் திறந்து கேட்டால் வழி தெரியும் என்பதுதான் பொருள், அதற்குக் கோட்டை எதற்கு? பழமொழிகளைத் திருத்துவது இப்போது ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதில் மண்குதிரையை, மணல்மேடு என்ற பொருளில் மண்குதிர் ஆக்கினார்கள். ஏதோ நியாயம் இருக்கலாம். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதைக் ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’ என்று, கழு என்ற கோரையால் பாய் தைத்தால் மணக்கும் என்று, ஒரு பள்ளிக்கூடச் சுவரில் என்னையே எழுத வைத்தார்கள். கழுதையைப் பார்த்தவன் எவனும் இந்தத் திருத்தத்தைக் கேட்டிருக்க மாட்டான். ‘மதுரையைச் சுற்றிய கழுதை மதுரையை விட்டுப் போகாது’ என்று ஒன்று இருக்கிறது. வைகை மணலில் கழுதை மேய்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அதற்கும் யாராவது பாய் தைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிகர்தண்டாவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஜிகர் என்றால் பாரசீகத்தில் ஈரல், தண்டா என்றால் இந்தியில் குளிர்ச்சி. எந்த பாதுஷாவும் கீழவாசலுக்கு வந்து குடித்ததாகச் சான்று கேட்டால் என்னால் தர முடியாது. நீங்களும் தர வேண்டாம்.

இதையெல்லாம் வேலை கொடுத்த ஒருவரிடம் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கதை சொன்னால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்றார். எந்த ஜனங்கள் என்று கேட்க நினைத்தேன், கூலி பாக்கி இருந்ததால் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன். சித்ரா பௌர்ணமியன்று ஆற்றுக்கு வந்திருக்கிறீர்களா? தங்கை கல்யாணத்துக்கு அழகர் வருகிறார், வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார் என்று ஜனங்கள் சொல்வார்கள். கோயிலில் கேட்டால், தவளையாகச் சாபம் பெற்ற மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார் என்பார்கள். இரண்டும் வேறு வேறு கதை, ஒன்றோடொன்று ஒட்டாது. ஆற்றில் நிற்கிற கூட்டத்துக்கு இரண்டும் தெரியும். அழகருக்காகத் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவரைக் கேளுங்கள், முதலில் தங்கை கதையைச் சொல்வார், மூச்சு விடாமல் முனிவர் கதையையும் சொல்வார். குழம்பியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். கதையை எடுக்காதீர்கள். கதை யாருடையது என்று மட்டும் எழுதித் தாருங்கள். ‘என்கிறது புராணம்’, ‘என்று ஊரில் சொல்வார்கள்’, ‘என்று கல்லில் வெட்டியிருக்கிறது’. இந்த மூன்றில் எதைப் போட்டாலும் ஒரு வரிக்கு மேல் போகாது. வேறு கதை இருந்தால் அதையும் சேருங்கள். ஒரு வரி கூடினால் எனக்கு அரை மணி நேர வேலை, கையளவு எனாமல். கணக்கில் எழுத மாட்டேன்.

கடைசியாக என் ஊர்ப் பலகை. ஆறுக்கு நாலு தகரம், சோழவந்தான் எல்லையில் நிற்பதற்காக எழுதியது. வாசகம் இதுதான்: ‘சோழ மன்னன் வந்து இவ்வூரின் வளம் கண்டு உவந்ததால் சோழன் உவந்தான் எனப் பெயர் பெற்றுச் சோழவந்தான் ஆயிற்று’. வெற்றிலைக் கொடிக்காலும் வயலுமாக இருக்கும் ஊர், எந்த மன்னன் வந்தாலும் உவப்பான் என்பது உண்மை. ஆனால் கல்வெட்டில் ஊரின் பெயர் சோழாந்தக சதுர்வேதிமங்கலம். அந்தகன் என்றால் யமன். சோழாந்தகன், சோழருக்கு யமன். 10ஆம் நூற்றாண்டில் சோழன் தலைகொண்டதாகச் சொல்லிக்கொண்ட வீரபாண்டியனின் பட்டம் அது. பிறகு அவன் தலையைத் தான் கொண்டதாகச் சோழன் ஆதித்த கரிகாலன் சொல்லிக்கொண்டது தனிக்கதை. சோழனுக்கு யமன் என்று பாண்டியன் வைத்த பெயர், ஜனங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து, சோழன் வந்து மகிழ்ந்த ஊராகிவிட்டது. இரண்டு வம்சமும் போய்விட்டது, பகையும் போய்விட்டது, நாக்கு தன்பாட்டுக்குச் சமாதானம் செய்துவைத்துவிட்டது. உவந்தான் கதையை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அழிக்காமல் எழுதினேன்.

வழக்கமாக நான் நாலு அங்குல எழுத்து எழுதுவேன். அந்தப் பலகையில் மூன்றரைக்குக் குறைத்தேன், வரிகளுக்கு இடையே கொஞ்சம் நெருக்கினேன். பச்சை அடித்த தகரத்தில் கடைசி வரிக்குக் கீழே எட்டு அங்குலம் காலியாக இருக்கிறது. வந்து பார்த்தவர் அளவு தப்பிவிட்டதா என்று கேட்டார், ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டேன். தப்பவில்லை. சோழாந்தகனுக்கு இரண்டு வரி அதில் நன்றாக உட்காரும். தாளில் எழுதி அனுப்புங்கள், ஏணி வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகங்களை எழுதுகிறவன்,
சோழவந்தான்.